இரைச்சல் தரும் அண்டை வீட்டாரை அணுகும் முறை

செபராங் ஜெயாவின் வரிசை வீடுகளில் ஒரே சுவர் இரண்டு குடும்பங்களுக்குப் பொது. பக்கத்து வீட்டு கராவோக்கே இரவு 11 மணிக்கும் ஓயாவிட்டால் எஸ்.பி.எம். எழுதும் பிள்ளை எப்படிப் படிப்பது?

சிலர் சுவரைத் தட்டுவர். சிலர் பொறுத்துப் பொறுத்து ஒருநாள் சண்டைக்குப் போவர். இரண்டுமே பகையைத்தான் வளர்க்கும்.

முதல் படி, சத்தமில்லாத பகல் வேளையில் நேரில் பேசுவது. "அண்ணே, பையனுக்கு அடுத்த வாரம் பரீட்சை. பத்து மணிக்கு மேல சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா?" இதில் பழி இல்லை, காரணமும் நேரமும் இருக்கின்றன. தன் சத்தம் சுவரைத் தாண்டுவது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

பலன் இல்லையென்றால், சத்தம் கேட்ட நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். 1975-இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா திட்டத்தில், பயிற்சி பெற்ற சமூக நடுவர்கள் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். அடுக்குமாடி என்றால் நிர்வாகக் குழுவிடம் சொல்லலாம். அதற்கும் அடங்காவிட்டால் செபராங் பிறை மாநகர் மன்றம் அல்லது காவல் நிலையம். பலரையும் பாதிக்கும் பொதுத் தொல்லை, தண்டனைச் சட்டத்தின் 268-ஆவது பிரிவின்கீழ் வரும்.

மாணவர்களே, கட்டுரையில் "அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். இந்தப் படிகளை வரிசையாக, காரணத்தோடு எழுதுங்கள். புகாரில் வென்றாலும், மறுநாள் அதே சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர் இருப்பார்.