காலைக் கடிக்காத செருப்பு எது?

மும்பையில் வேலைக்குப் போகிறவர்கள் தினமும் நடக்கும் நடை கொஞ்சம் அல்ல. வீட்டில் இருந்து ரெயில் நிலையம், மேம்பாலப் படிகள், நின்றபடியே மின்சார ரெயில் பயணம், பிறகு அலுவலகம் வரை மீண்டும் நடை. இரவு வீடு திரும்பியதும் பலர் முதலில் செய்வது, 'ஷூ'வைக் கழற்றிவிட்டு விரல்களை அமுக்கி விடுவதுதான்.

இந்த வலிக்கு நடை மட்டுமே காரணம் அல்ல. முன்பக்கம் குறுகி, குதிகால் உயர்ந்த 'ஷூ'வும் ஒரு காரணம்.

அகலமான பாதம்

சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர்களின் பாதத்தை விட இந்தியர்களின் பாதம் அகலமானது என்று தெரிய வந்தது.

கடையில் கிடைப்பதோ வெளிநாட்டு அளவு. நீளம் சரியாக இருந்தால் அகலம் போதாது. அகலத்துக்காகப் பெரிய அளவு வாங்கினால் குதிகால் நழுவும், கொப்புளம் வரும். அதனால்தான் இந்தியருக்கு என்றே 'பா' என்ற புதிய அளவு முறை பரிந்துரைக்கப்பட்டது. 'பாரத்' என்பதன் முதல் எழுத்து அது.

வெறுங்கால் 'ஷூ'

'வெறுங்கால் ஷூ' என்று ஒரு வகை இப்போது விற்பனையாகிறது. விரல்கள் விரிய இடம் இருக்கும். குதிகாலும் விரலும் ஒரே மட்டத்தில் இருக்கும். அடிப்பாகம் மெல்லியது, கையால் வளைத்தால் வளையும். விலைதான் சம்பளக்காரர்களை யோசிக்க வைக்கிறது.

விரல்களுக்குத் தடையில்லாத, தட்டையான செருப்பு வேண்டும் என்றால் மராட்டிய மண்ணிலேயே கோலாப்புரி இருக்கிறது. ஆணி அடிக்காமல் தோல் வாரால் தைப்பது அதன் பழைய முறை. 2019-ம் ஆண்டு மராட்டியம், கர்நாடகம் இரண்டுக்கும் சேர்த்து இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புதிதில் கொஞ்சம் கடிக்கும். வாரில் எண்ணெய் தடவினால் இளகும். மழைக்காலத்துக்கு மட்டும் ஆகாது. தோல் ஊறிக் கெட்டுவிடும். அந்த 4 மாதமும் வார் வைத்த ரப்பர் செருப்பே நல்லது.

வாங்கும் முன்பு

மாலையில் கால் சற்று வீங்கி இருக்கும். அப்போதுதான் கடைக்குப் போக வேண்டும்.

வீட்டிலேயே ஒரு காகிதத்தின் மேல் நின்று, 2 பாதத்தையும் பென்சிலால் வரைந்து எடுத்துக்கொள்ளலாம். வாங்கப்போகும் செருப்பை அதன்மேல் வைத்துப் பார்த்தால், கோடு வெளியே தெரியக் கூடாது. ஒரு கால் பெரிதாக இருந்தால் அந்தக் காலின் அளவையே வாங்க வேண்டும். 'ஷூ' என்றால் நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

அவசரம் வேண்டாம்

தடித்த அடிப்பாகத்துக்குப் பழகிய கால், மெல்லியதற்கு ஒரே நாளில் மாறினால் கெண்டைக்கால் வலிக்கும். முதல் வாரம் தினமும் அரை மணி நேரம் அணிந்தால் போதும். பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம்.

கட்டிட வேலை, பட்டறை வேலை செய்கிறவர்களுக்கு இது ஏற்றது அல்ல. விரலைக் காக்கும் இரும்பு முனை 'பூட்ஸ்' அவர்களுக்கு அவசியம்.

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் மெல்லிய செருப்புக்கு ஆசைப்படக் கூடாது. வெறுங்காலோடும் நடக்கக் கூடாது. முள் குத்தினாலும் தெரியாது. புண் முற்றினால் காலையே எடுக்க நேரிடலாம். டாக்டரைக் கேட்டே அவர்கள் செருப்பு வாங்க வேண்டும். தினமும் காலில் மாட்டும் முன்பு, உள்ளே கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துவிட வேண்டும்.