நின்றுபோன நிரலின் தடம்

2011ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், விளாத்திகுளம் போன்ற கரிசல் ஊர்களின் மாணவர்களையும் எட்டியது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட அவ்வியக்க அமைப்பில் மாணவர் ஒருவர் தமிழ்க் கட்டுரை தட்டச்சு செய்யும்போதே செயலி திடீரென மூடிக்கொள்ளலாம். "செயலி நின்றுவிட்டது" என்று மட்டும் எழுதி அனுப்பினால், தொலைவிலுள்ள நிரலாளரால் எதையும் திருத்த இயலாது. செயலி எவ்வழியே வந்து எவ்விடத்தில் நின்றது என்னும் தடமே அவருக்குத் தேவை.

தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியை ஒரு நிரல் தொட முயன்றால், லினக்ஸின் உட்கருவான கெர்னல் பொதுவாக அதனை நிறுத்திவிடும். அவ்வேளையில் நிரலின் நினைவகத்தை ஒரு கோப்பாகச் சேமிக்கவும் கெர்னலால் இயலும். அக்கோப்பே 'கோர் டம்ப்'. பழங்கணினிகளின் காந்த வளைய நினைவகத்துக்கு வழங்கிய 'கோர்' என்னும் பெயர், அந்நினைவகம் வழக்கொழிந்த பின்னும் இங்கே தங்கிவிட்டது. பல கணினிகளில் இக்கோப்பின் உச்ச அளவு சுழியமாக வைக்கப்பட்டிருக்கும். அவ்வரம்பைத் தளர்த்தினால்தான் கோப்பு கிடைக்கும்.

1986இல் ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதிய 'ஜிடிபி' என்னும் பிழைத்திருத்தி இக்கோப்பைப் படித்து, எந்தச் செயற்கூறு எதனை அழைத்தது என்பதைக் கடைசி அழைப்பிலிருந்து பின்னோக்கி வரிசையாகக் காட்டும். இவ்வரிசை 'பேக்டிரேஸ்' எனப்படும். முதன்முறை பார்ப்பவருக்கோ பெரும்பாலும் ஏமாற்றமே கிட்டும். பெயர்கள் இருக்கவேண்டிய இடங்களில் '??' என்னும் குறிகளும் எண்முகவரிகளும் மட்டுமே நிற்கும். கணினி இயங்குவதற்குச் செயற்கூற்றின் முகவரியே போதும். பெயர் மனிதருக்கே தேவை. முகவரியைப் பெயரோடும் மூலநிரலின் வரி எண்ணோடும் இணைத்துக் காட்டும் அட்டவணைகளே பிழைத்திருத்தக் குறியீடுகள். அவை மிகுதியான இடத்தை அடைப்பதால் தனித் தொகுப்புகளாகப் பிரித்து வைக்கப்படுகின்றன. டெபியனில் அத்தொகுப்புகளின் பெயர் 'டிபிஜிசிம்' என முடியும்.

அதே மூலநிரலை மறுமுறை நிரல்பெயர்த்தாலும் முகவரிகள் இடம் மாறக்கூடும். ஆகவே, நிரலிலும் அதன் குறியீட்டுத் தொகுப்பிலும் ஒரே அடையாள எண் பொறிக்கப்படுகிறது. பொருந்தாத குறியீடுகள் வெறும் '??'ஐ விடத் தீயவை. அவை தவறான செயற்கூற்றை உறுதியோடு சுட்டிக்காட்டிவிடும்.

பெயர்கள் தெளிவாகக் கிடைத்த பின்னும் முதல் வரியில் நிற்பதையே குற்றவாளியாகக் கருதிவிடலாகாது. எழுத்துச் சரத்தின் நீளத்தை அளக்கும் சிறு செயற்கூறு அங்கே நிற்கலாம். தவறான முகவரியை அதனிடம் ஒப்படைத்தது, மூன்று வரி கீழேயுள்ள வேறொன்றாக இருக்கலாம்.

கோர் கோப்பினுள் மாணவரின் கட்டுரை மட்டுமன்றி, கடவுச்சொல்லும் இருக்கக்கூடும். எனவே, பிழையறிக்கையுடன் பேக்டிரேஸின் எழுத்து வடிவத்தையே, அதுவும் ஒருமுறை படித்துப் பார்த்த பின்னரே, அனுப்புதல் வேண்டும்.