டிஸ்சார்ஜ் சொல்லியாச்சு, அப்ரூவல் வரலையா? 3 மணி நேர ரூல் தெரியுமா?

ஸ்ரீரங்கத்துல இருக்கிற உங்க அப்பாவைத் தில்லை நகர்ல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. காலையில 11 மணிக்கு டாக்டர் வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டார். பில்லிங் கவுன்டர்ல "டிபிஏ அப்ரூவல் வரணும் சார்". சாயங்காலம் 6 மணிக்கும் அதே பதில். இன்னொரு நாள் ரூம் வாடகை யார் தலையில?

உங்க தலையில இல்லை. 2024 மே 29 அன்று ஐஆர்டிஏஐ ஒரு மாஸ்டர் சர்க்குலர் வெளியிட்டது. அதன்படி, கேஷ்லெஸ் கேட்டு ரிக்வெஸ்ட் போனதும் 1 மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லணும். டிஸ்சார்ஜ் ரிக்வெஸ்ட் போனா 3 மணி நேரத்துக்குள்ள ஃபைனல் அப்ரூவல் தரணும். அதுக்கு மேல தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலா சார்ஜ் பண்ணினா, அந்தத் தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி தன் ஷேர்ஹோல்டர் ஃபண்டிலிருந்து கொடுக்கணும். ஒரு ஆடிட்டரா எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி இதுதான். நாம கட்டுற பிரீமியத்துல கை வைக்க முடியாது, முதலாளி பாக்கெட்ல இருந்துதான் வரணும்.

ஆனா ஒரு விஷயம். டாக்டர் சொன்ன நேரத்துல இருந்து இந்த 3 மணி நேரம் ஓடாது. ஆஸ்பத்திரி ரிக்வெஸ்ட் அனுப்பின நேரத்துல இருந்துதான் ஓடும். பார்மசி ரிட்டர்ன், லேப் பில் எல்லாம் முடிஞ்சு ஃபைனல் பில் ரெடியாகவே மத்தியானம் ஆயிடும். அதனால கவுன்டர்ல சண்டை போடாதீங்க. "ரிக்வெஸ்ட் எத்தனை மணிக்குப் போச்சு?"ன்னு மட்டும் கேட்டு, எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க.

சரி, இந்த டிபிஏ யாரு? உங்களுக்கு இன்சூரன்ஸ் கொடுத்தவங்க இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பேப்பர் வேலை பார்க்கிற நிறுவனம். 2001லயே இவங்களுக்குத் தனி ஒழுங்குமுறை வந்துச்சு, 2016ல அதை மாத்தி எழுதினாங்க. ஐஆர்டிஏஐ பதிவு இல்லாம யாரும் டிபிஏ நடத்த முடியாது. அவங்க ஃபீஸை இன்சூரன்ஸ் கம்பெனிதான் கொடுக்கணும், உங்ககிட்ட கேட்கக் கூடாது.

முக்கியமா, கிளெய்மை நிராகரிக்கிற அதிகாரம் டிபிஏகிட்ட இல்லை. "டிபிஏ ரிஜெக்ட் பண்ணிட்டாங்க"ன்னு யாராவது சொன்னா, இன்சூரன்ஸ் கம்பெனியோட லெட்டரைக் கேளுங்க. 2024 சர்க்குலர்படி, கம்பெனியோட ரிவியூ கமிட்டி ஒப்புதல் இல்லாம ரிஜெக்ட் பண்ணக் கூடாது. எந்த பாலிசி நிபந்தனைப்படி மறுக்கிறாங்கன்னும் லெட்டர்ல சொல்லணும்.

ஆபீஸ் குரூப் பாலிசி வெச்சிருக்கிறவங்க இன்னிக்கே கார்டை எடுத்துப் பாருங்க. மேல பெரிசா இருக்கிற பேர் டிபிஏவோடதா இருக்கலாம். கம்பெனி பேர் தெரியலைன்னா எச்ஆர்கிட்ட கேளுங்க, ஏன்னா புகார் போக வேண்டிய இடம் அதுதான்.

முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்க. பீமா பரோசா போர்ட்டல்லயும் பதியலாம், 155255க்கும் கூப்பிடலாம். 30 நாள் ஆகியும் பதில் இல்லைன்னாலோ, வந்த பதில் திருப்தி இல்லைன்னாலோ, ஒரு வருஷத்துக்குள்ள சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். திருச்சியும் அவங்க எல்லையில்தான் வருது. 50 லட்சம் வரை கேட்கலாம், ஃபீஸ் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. உங்களுக்குச் சாதகமா தீர்ப்பு வந்தும் 30 நாளுக்குள்ள கம்பெனி நிறைவேத்தலைன்னா, நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரணும்.