நாற்பது ஆம்பியர் வீட்டில் தொண்ணூறு ஆம்பியர் சில்லு

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வாசற்கதவுக்கு அருகே தலைக்கு மேல் ஒரு மின்பெட்டி இருக்கும். விளக்கெல்லாம் திடீரென அணைந்தால்தான் அதைத் திறந்து பார்ப்போம். உள்ளே இருக்கும் முதன்மை விசையில் பெரும்பாலும் 40 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். 1990களின் தொடக்கத்துக்கு முன் கட்டிய அடுக்குமாடிகளில் அது 30 ஆக இருந்தது. பிறகுதான் கூட்டிக் கொடுத்தார்கள். குளிர்சாதனம், தண்ணீர் சூடாக்கி, துணி துவைக்கும் இயந்திரம், மின் அடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் அந்த எண்ணைத் தாண்டக்கூடாது. தாண்டினால் விசை விழுந்துவிடும்.

அதே வீட்டில் பையன் படிக்கிற மேசைக்கு அடியில் ஒரு கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. ஏஎம்4 வகை ரைசன் ப்ராசஸர்களுக்கு ஏஎம்டி நிறுவனம் வகுத்திருக்கும் மின்னோட்ட வரம்புகளைப் பாருங்கள். 65 வாட் வகைச் சில்லு தொடர்ந்து 60 ஆம்பியரும், உச்சத்தில் 90 ஆம்பியரும் இழுக்கலாம். 105 வாட் வகைக்கு அது 95, 140. ஒரு வீட்டுக்கு மொத்தமாக அனுமதித்ததைப் போல இரண்டு, மூன்று மடங்கு மின்னோட்டம் நகம் அளவு சிலிக்கானுக்குள் போய்த் திரும்புகிறது.

இதில் கணக்குப் பிசகு ஏதுமில்லை. வீட்டுக்கு வரும் 40 ஆம்பியர் 230 வோல்ட்டில் வருகிறது. பெருக்கினால் 9,200 வாட். சில்லுக்குப் போகும் 90 ஆம்பியர் சுமார் 1.2 வோல்ட்டில் போகிறது. பெருக்கினால் 108 வாட்தான். வேலை சிறியது, ஆனால் ஓட்டம் பெரியது. கம்பியையும் விசையையும் சூடாக்குவது அந்த ஓட்டம்தான். மலிவான மதர்போர்டு வாங்கப் போகிறவர் மனத்தில் முதலில் பதிய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அக்கா மகன் போன மாதம் தேக்காவில் தேநீர் குடிக்கும்போது கேட்டான். “மாமா, விலை கம்மியா ஒரு போர்டு வேணும். ப்ராசஸர் வேகத்தைக் கொஞ்சம் ஏத்தி ஓட்டணும். ரொம்ப இல்ல, கொஞ்சந்தான்.” குடித்து முடித்ததும் சிம் லிம் ஸ்குவேருக்கு நடந்தோம். லிட்டில் இந்தியாவிலிருந்து ரோச்சோருக்கு எம்ஆர்டியில் ஒரே நிறுத்தம். ஆனால் கால்வாயைத் தாண்டி நடந்து போவதே அந்த இடத்துக்குப் பொருத்தம். 1987 முதல் நிற்கும் கட்டடம் அது. பக்கத்துச் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். அங்கே தரையில் விரித்திருந்த பழைய ரேடியோவும் மின்மாற்றியும் போன தடம் தெரியவில்லை. சிம் லிம்மின் மேல்தளக் கடைகளில் மதர்போர்டுப் பெட்டிகள் இன்னும் அடுக்கித்தான் இருக்கின்றன. பெட்டிக்குப் பெட்டி வண்ண விளக்குகளின் படம். நான் பார்க்கச் சொன்னது ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் இடப்பக்கமும் மேற்பக்கமும் உள்ள இரண்டு விரற்கடை இடத்தை மட்டும்.

அங்கே நடப்பதைச் சொல்கிறேன். மின்வழங்கியிலிருந்து போர்டுக்கு வருவது 12 வோல்ட். மேல் மூலையிலிருக்கும் எட்டு முனைச் செருகி ப்ராசஸருக்கான தனிப்பாதை. 12 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் சில்லு அக்கணமே பொசுங்கிவிடும். அதற்கு வேண்டியது பத்தில் ஒரு பங்கு. அதைக் குறைக்க மாஸ்ஃபெட் என்ற சிறு மின்விசையை நொடிக்குச் சில லட்சம் தடவை திறந்து மூடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் 12 வோல்ட் உள்ளே போகும், மீதி நேரம் அடைப்பு. சராசரி பார்த்தால் 1.2. இப்படி அடி அடியாக வரும் மின்சாரத்தைச் சோக்கு எனும் சதுரக் கட்டி தன் காந்தப்புலத்தில் வாங்கி வைத்துச் சீராக விடுகிறது. அப்போதும் மிஞ்சுகிற நடுக்கத்தைக் கப்பாசிட்டர்கள் விழுங்கிக்கொள்கின்றன.

ஒரு தொகுதி மட்டும் இந்தப் பாரத்தைத் தாங்காது. அதனால் நான்கு, ஆறு, எட்டு என்று தொகுதிகளை வைத்து முறை போட்டு வேலை வாங்குகிறார்கள். ஒரே உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று உலக்கை மாற்றிப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒருத்தி ஓங்கும்போது மற்றவள் இறக்குவாள். உரலுக்கு ஓய்வில்லை, இருவருக்கும் தோள் வலியும் இல்லை. இந்தத் தொகுதியைத்தான் கடைக்காரர்கள் ‘ஃபேஸ்’ என்கிறார்கள்.

முறை போடுவதில் ஒரு பெரிய லாபம் ஒளிந்திருக்கிறது. மின்தடையில் எழும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். நான்கு ஃபேஸ் செய்ததை அதே தரத்து எட்டு ஃபேஸ் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொன்றிலும் ஓட்டம் பாதியாகி, சூடு கால்வாசியாகிவிடும். எண்ணிக்கை இரட்டித்தாலும் மொத்தச் சூடு பாதிதான்.

அதே இருமடிக் கணக்கு எதிர்த்திசையில் கடிக்கவும் செய்யும். ஒரு சில்லு 4 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 4.4-க்கு ஏற்ற 1.3 வோல்ட் தேவைப்படுகிறது. சில்லு தின்னும் மின்திறன் வேகத்துக்கு நேராகவும் வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பவும் கூடும். கணக்குப் போட்டால் வேகம் 10 விழுக்காடு, மின்திறன் 29 விழுக்காடு. ஓட்டம் 19 விழுக்காடு கூடியதால் மாஸ்ஃபெட்டின் மின்தடையில் எழும் சூடு 42 விழுக்காடு. நாம் சில்லிடம் கேட்டது பத்து. பக்கத்தில் நிற்கும் சிறு விசையின் தலையில் விழுந்தது நாற்பத்திரண்டு. அது தாளாமல் கொதித்தால் போர்டு தன்னைக் காத்துக்கொள்ளச் சில்லின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். ஏற்றி ஓட்டப் போனவர் பழைய வேகத்துக்கும் கீழே இறங்கி நிற்பார்.

ஒரு காலத்தில் இது இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டாத வேலையாக இருந்தது. 1998 ஆகஸ்ட்டில் இன்டெல் செலரான் 300ஏ வந்தது. போர்டின் 66 மெகாஹெர்ட்ஸ் தரவுத் தடத்தை (பஸ்) நாலரையால் பெருக்கி 300-இல் ஓடும் மலிவுச் சில்லு. தடத்தை 100 ஆக்கினால் 450. பாதிக்குப் பாதி கூடுதல், பெரும்பாலும் வோல்ட்டைத் தொடாமலே! அபிட் பிஎச்6 போர்டில் அதை பயாஸ் திரையிலேயே மாற்றலாம். மாற்ற விடாத போர்டு வைத்திருந்தவர்கள் சில்லட்டையின் பி21 என்ற முனையைத் துண்டு ஒட்டுநாடாவால் மறைத்து, 100 மெகாஹெர்ட்ஸ் சில்லு வந்திருப்பதாகப் போர்டை நம்ப வைத்தார்கள். அன்று அந்தச் சில்லு தின்றது சுமார் 20 வாட். எந்தப் போர்டும் அதைத் தாங்கியது. இன்றைய சில்லுகள் இடம் கிடைத்தால் தாமாகவே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. நமக்கென்று விட்டுவைத்திருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைத் தருவதா வேண்டாமா என்பதைப் போர்டு தீர்மானிக்கிறது.

சட்டதிட்டம் ஒன்றும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்டெல்லில் பெயருக்குப் பின் ‘கே’ உள்ள சில்லும் ‘இசட்’ வகைப் போர்டும் சேர்ந்தால்தான் ப்ராசஸரை ஏற்ற முடியும். ‘பி’ வகைப் போர்டில் பி560 முதல் நினைவகத்தை மட்டும் ஏற்றலாம். ஏஎம்டியில் பி450, பி550, பி650 போன்ற நடுத்தரப் போர்டுகளே அனுமதிக்கின்றன. ஏ320, ஏ520, ஏ620 அனுமதிக்காது. குறைந்த செலவில் கொஞ்சம் ஏற்றிப் பார்க்க நினைப்பவருக்கு ஏஎம்டியின் ‘பி’ வரிசை இயல்பான வழியாக அமைவது இதனால்தான். இருபது முப்பது வெள்ளி மிச்சம் பிடிக்க ‘ஏ’ வரிசைக்கு இறங்கினால் வாசலே அடைபட்டுவிடும்.

‘பி’ வரிசைக்குள்ளும் வித்தியாசம் பெரிது. மிக மலிவானவற்றில் மாஸ்ஃபெட்டுகள் கறுப்புப் புள்ளிகளாக வெறுமனே தெரியும், மேலே உலோக மூடி இருக்காது. அவற்றை எடுக்காதீர்கள். சாக்கெட்டின் இரு பக்கமும் கனமான, வெட்டு விழுந்த அலுமினியக் கட்டி உள்ளதாகப் பாருங்கள். அலங்காரத் தகடு கட்டியாகாது. காற்று நுழையும் வெட்டு இருந்தால்தான் சூடு வெளியேறும். பெட்டியிலுள்ள ஃபேஸ் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே சமிக்ஞையில் இரண்டு தொகுதிகளை ஓட்டிவிட்டு இரண்டாக எண்ணுகிறவர்கள் உண்டு. அதனாலும் சூடு பகிரப்படும் என்பது உண்மைதான். ஆனால் மாற்றி மாற்றிப் போடும் உலக்கை அங்கே இல்லை, இரண்டும் சேர்ந்து விழுகின்றன.

இங்கே இன்னொரு கணக்கையும் சேர்க்க வேண்டும். போர்டுகளைச் சோதித்து எழுதுகிறவர்களில் பலர் குளிர்நாட்டு அறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். 21 பாகை அறையில் ஒரு மாஸ்ஃபெட் 90-ஐத் தொட்டது என்றால், அறைக்கு மேல் 69 பாகை ஏறியிருக்கிறது. நம் வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு 32 பாகை. அதே ஏற்றம் இங்கே 101-இல் போய் நிற்கும். பெரிய நீர்க்குளிர்ப்பி வாங்கினால் தீரும் என்றான் அக்கா மகன். சில்லுக்குத் தீரும். ஆனால் சாதாரண காற்றுக் குளிர்ப்பியின் விசிறி வீசும் காற்றில் ஒரு பங்கு பக்கத்து மாஸ்ஃபெட்டுகளுக்கும் போகிறது. நீர்க்குளிர்ப்பி விசிறியைப் பெட்டியின் சுவருக்குக் கொண்டுபோய்விடுவதால் அவை புழுங்கும். கொஞ்சமாக ஏற்றுகிறவருக்குக் காற்றுக் குளிர்ப்பியும் பின்புறம் ஒரு விசிறியும் போதும், அதுவே நல்லதும்கூட.

சூட்டுக்கு நான் இவ்வளவு அஞ்சுவதற்கு ஒரு பழைய வலியும் காரணம். 2000களின் தொடக்கத்தில் கெட்ட மின்பகு திரவம் நிரப்பிய கப்பாசிட்டர்கள் உலகெங்கும் பரவியிருந்தன. என் கணினி ஒரு நாள் இயங்க மறுத்தது; திறந்தால் சாக்கெட்டைச் சுற்றி ஐந்தாறு கப்பாசிட்டர்களின் தலை உப்பி, பழுப்பாகக் கசிந்திருந்தது. அதிலிருந்த படங்களை மீட்க முடியவில்லை. இன்றைய போர்டுகளில் சாக்கெட் அருகே திண்மக் கப்பாசிட்டர்கள் வந்துவிட்டன. திரவக் கப்பாசிட்டர்களைப் பொறுத்தவரை, பத்துப் பாகை சூடு குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று பொறியாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பி550 போர்டு ஒன்றை வாங்கினோம். விளக்கு இல்லாதது, இரு பக்கமும் கட்டியுள்ளது. பூட்டி முடித்ததும் சோதனையை அன்றிரவே குளிர்சாதன அறையில் வைத்துப் பார்க்கத் துடித்தான். வேண்டாம் என்றேன். மறுநாள் மூன்று மணிக்கு, குளிர்சாதனம் போடாமல், ஜன்னலைத் திறந்து வைத்து, எல்லா உள்ளகங்களும் முழு வேகத்தில் உழைக்கும் சோதனையை அரை மணி நேரம் ஓட்டச் சொன்னேன். சில்லின் வெப்பத்தைப் பார்ப்பதோடு மாஸ்ஃபெட்டின் வெப்பம் காட்டும் வரியையும் பார்க்க வேண்டும். அது தொண்ணூறுக்கு மேல் போனால் 1.3-இலிருந்து 1.25 வோல்ட்டுக்கு இறங்கு, அந்த வோல்ட்டில் சில்லு தடுமாறாமல் எந்த வேகம் வரை ஓடுகிறதோ அதில் நிறுத்து என்றேன். வேகத்தில் நூறு, நூற்றைம்பது மெகாஹெர்ட்ஸ் போகும். வோல்ட்டிலிருந்து மட்டும் மின்திறன் ஏழு விழுக்காட்டுக்கு மேல் குறையும்.

மூன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. “மாமா, 1.25-லயே விட்டுட்டேன்” என்றான்.