கே.சி.எஸ். பணிக்கரின் நிலக்காட்சிகளும் கொங்கு நிலமும்

ஓவியர் பிறந்த ஊரையே அவர்தம் நிலக்காட்சிகளின் ஊற்றாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) இதற்குப் பொருந்தார். கோயம்புத்தூரில் பிறந்தவராயினும், அவருடைய தொடக்கக்கால நீர்வண்ண ஓவியங்களில் மேலோங்கி நிற்பன கேரளத்துத் தென்னைகளும் நீர்வழிகளுமே. நீரில் கரைந்து தாளில் பரவும் வண்ணம் அந்த ஈரப் பசுமைக்கு இயல்பாக இசைந்தது.

கொங்கின் புன்செய் வேறுவகைக் கண்ணை வேண்டுவது. மூலனூர், காங்கயம் பகுதிகளின் கொரங்காடுகளில் கிளுவை வேலி மேய்ச்சல் நிலத்தைக் கட்டங்களாகப் பகுக்கிறது. வெள்வேல மரங்கள் விலகி நிற்கின்றன. கோடையில் காய்ந்த புல்லின் நிறமே நிலத்தின் நிறம். இங்கு முதலில் கண்ணில் படுவன கோடும் வெட்டவெளியும்.

பணிக்கரும் 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் கோட்டை நாடினார். ஆனால் அதற்குச் சாதகக் கட்டங்களும் கணிதக் குறிகளுமே துணைநின்றன. கிளுவை வேலியை அதன் மூலமாகத் தேடுதல் பொருந்தாது.