சிறு தொழிலும் எழுத்து ஒப்பந்தமும்

லூதியானாவில் சைக்கிள் உதிரி பாகம் செய்யும் பட்டறையாயினும், மொராதாபாத்தில் பித்தளைப் பொருள் வார்க்கும் கூடமாயினும், சிறு தொழில்கள் பல வாய்ச்சொல்லை நம்பியே நடைபெறுகின்றன. நாணயம் நிலைக்கும் வரை இதனால் கேடில்லை. சரக்குக்குரிய பணம் நிலுவையில் நின்று, தொழிலாளர்க்குக் கூலி கொடுக்கவும் வழியற்றுப் போகும்போதுதான் எழுத்தின் அருமை புலனாகிறது.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லுபடியாகும். ஆனால், பேசிய விலையையும் நாளையும் மெய்ப்பிக்கும் சுமை வழக்குத் தொடுப்பவரையே சாரும். சரக்கின் அளவு, தரம், விலை, ஒப்படைக்கும் நாள், பணம் செலுத்தும் நாள் ஆகிய ஐந்தும் அடங்கிய ஒரு பக்கக் கொள்முதல் ஆணை இச்சுமையைப் பெரிதும் குறைக்கும்.

கூட்டாளிகளுக்கிடையே

பலர் கூடித் தொழில் நடத்துவதாயின் கூட்டாண்மைப் பத்திரம் இன்றியமையாதது. 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையேல், முதலீடு ஏற்றத்தாழ்வாக இருப்பினும் இலாபம் சமமாகவே பிரியும். பத்திரத்தைப் பதிவு செய்வது கட்டாயமன்று. எனினும், பதிவு பெறாத கூட்டு நிறுவனம் தன் ஒப்பந்த உரிமைக்காக வெளியார்மீது வழக்குத் தொடுக்க, 100 ரூபாய்க்கு மேற்படாத தொகைகள் நீங்கலாக, 69ஆம் பிரிவு இடந்தருவதில்லை. வெளியாரோ அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்கலாம்.

நிலுவைக்கு வட்டி

2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு தொழில்களுக்குத் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது. வாங்குபவர் எழுத்தில் குறித்த நாளுக்குள் பணம் தரவேண்டும். அந்நாள் சரக்கை ஏற்றதிலிருந்து 45 நாட்களுக்கு மேற்படலாகாது. எழுத்தில் ஏதுமில்லையேல் தவணை 15 நாட்களே. சரக்கு வந்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் குறை கூறாவிடில் அது ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். தவணை தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும்.

முறையீட்டை மாநில அரசு அமைத்துள்ள வசதியாக்கக் குழு விசாரிக்கும். அதன் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் வாங்குபவர், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முன்னதாகக் கட்டவேண்டும். 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள கட்டணமற்ற உத்யம் பதிவை, சரக்கு அனுப்புமுன்பே செய்துகொள்வது பாதுகாப்பானது.

ஆயினும், வாடிக்கையை இழக்க நேருமோ என்னும் அச்சத்தால் சிறு தொழிலர் முறையீடு செய்யத் தயங்குவதுண்டு. சச்சரவு எழுந்தபின் சட்டத்தைக் காட்டுவது உறவை முறிக்கலாம். தொடக்கத்திலேயே நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்துப் பெறுவது உறவைக் காக்கும்.