செல்ஃப் எடுக்கலையா? பேட்டரி மேல பழி போடாதீங்க பாஸ்!

தாத்தா காலத்து அம்பாஸடர், சித்தப்பா ஓட்டிச் சலிச்ச மாருதி 800, மாந்தோப்புக்கு உரம் ஏத்திப் போற பழைய ஜீப்... பெரியகுளம் பக்கத்துப் பசங்க டிரைவிங் பழகுறது பெரும்பாலும் இப்படி ஒரு வண்டியிலதான். மாருதி 800, அம்பாஸடர் ரெண்டுமே 2014-ல் தயாரிப்பை நிறுத்தியாச்சு. அதனால, இன்னிக்கு உங்க கையில இருக்கிற வண்டி எவ்வளவு 'புதுசா' இருந்தாலும் பத்து வயசைத் தாண்டினதுதான்.

இந்த வயசுல வர்ற கரன்ட் கோளாறுக்கு நம்ம ஊர்ல உடனே கிடைக்கிற தீர்ப்பு: "பேட்டரி போச்சு தம்பி, மாத்திடு!" ஆயிரக்கணக்குல செலவழிச்சு மாத்துவீங்க. ரெண்டு வாரத்துல மறுபடியும் தள்ளு... தள்ளு!

ஏன்னா, பழைய வண்டியில பொருள் சாகறதை விட இணைப்பு சாகறதுதான் அதிகம். பேட்டரியில கிளம்பின கரன்ட் ஒயர் வழியா பல்புக்குப் போகுது. திரும்பி வர்றது? தனி ஒயர் கிடையாது. வண்டியோட இரும்பு பாடியே திரும்புற வழி. அதுக்குப் பேர்தான் எர்த். ஒரு போல்ட்டுக்கு அடியில துரு ஏறினா, செப்பு முனையில பச்சைக் களிம்பு படிஞ்சா, பேட்டரி ஃபுல்லா இருந்தும் கரன்ட் வழியிலேயே செத்துடும்.

இதைக் கண்டுபிடிக்க வேண்டிய ஆயுதம் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்தான். ஃபிசிக்ஸ் லேப்ல பார்த்து பயந்த அதே டப்பா!

ராத்திரி முழுக்க நிறுத்தின வண்டியில, காலையில பேட்டரி முனை ரெண்டுலயும் மீட்டரை வைங்க. 12.6 வோல்ட் இருந்தா ஃபுல் சார்ஜ். 12.2 பக்கம்னா பாதி. 12-க்குக் கீழே போனா கிட்டத்தட்ட காலி. அடுத்து இன்ஜினை ஓடவிட்டு அதே இடத்துல பாருங்க. 13.8-லிருந்து 14.5 வரை காட்டணும். அந்த அளவுக்கு ஏறலைன்னா சார்ஜ் ஆகலை. ஃபேன் பெல்ட், ஆல்டர்னேட்டர் பக்கம் போங்க. ரொம்பப் பழைய அம்பாஸடர்ல ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருக்கும். அது ஐடிலிங்ல சரியா சார்ஜ் ஏத்தாது, அது அதோட சுபாவம். அந்தக் கால பிரிட்டிஷ் கார்ல கரன்ட் சாமான் எல்லாம் லூகாஸ் கம்பெனியோடது. கோளாறு வந்து லைட் அணைஞ்சு அணைஞ்சே, அந்தக் கம்பெனிக்கு 'இருளின் இளவரசர்'னு பட்டப்பேரே வச்சுட்டாங்க!

சரி, பேட்டரி 12.6, ஆனா செல்ஃப் 'டொக்'னு ஒரு சத்தத்தோட நின்னுடுதா? இங்கேதான் மேட்டர். நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு, ஃப்ரெண்டைச் சாவி திருப்பச் சொல்லுங்க. துப்பட்டா, சட்டைக் கை ஃபேன் பக்கம் போகக் கூடாது. மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகடிவ் முனையிலயும், இன்னொண்ணை இன்ஜினோட வெறும் இரும்புலயும் வைங்க. ரெண்டும் ஒரே எர்த் தானே, அதனால ஏறக்குறைய பூஜ்யம் வரணும். அரை வோல்ட்டுக்கு மேல காட்டுதா? புடிச்சாச்சு திருடனை! எர்த் பட்டையைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்கினா, அனேகமா செலவே இல்லாம வண்டி ஓடும்.

மீட்டர் இல்லாமலேயே சில துப்பு கிடைக்கும். இண்டிகேட்டர் போட்டா பார்க் லைட்டும் சேர்ந்து சிமிட்டுதா? அந்த விளக்கோட எர்த் போச்சு. ஒரு பக்கம் மட்டும் வேகமா துடிக்குதா? அந்தப் பக்கம் ஒரு பல்ப் ஃபியூஸ். செல்ஃப் 'டகடக'ன்னு அடிச்சா, அப்போதான் பேட்டரி மேல நிஜமான சந்தேகம்.

ரெண்டு நாள் நிறுத்தினா பேட்டரி இறங்குதுன்னா, எங்கேயோ கசியுது. கதவை மூடியும் அணையாத ஒரு 5 வாட் உள் விளக்கு ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி குடிக்கும். உங்க மாருதியில இருக்கிறது 35 ஆம்பியர்-மணி பேட்டரின்னா, மூணு நாள்ல கதை முடிஞ்சது.

இப்போ சீரியஸான விஷயம். கும்பக்கரையிலிருந்து அடுக்கம் ஏறுற கொடைக்கானல் ரோட்டுல, இருட்டுல, வளைவுல, ஹெட்லைட் மங்கலா இருந்தா எப்படி இருக்கும்? அதுக்கு நம்ம பசங்க செய்யறது, 60 வாட் பல்பைக் கழற்றிட்டு 100 வாட் போடறது. பல்புக்கு வர்ற வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போயிடும். கோளாறு பல்புல இல்லை, வழியில! 100 வாட் பல்ப் ரெண்டு போட்டா 16 ஆம்பியருக்கு மேல, அதே களிம்பு பிடிச்ச ஒயர்லயும் பழைய சுவிட்ச்சுலயும் ஓடும். சூடாகி, உருகி, புகை வரும். களிம்பை எடுங்க, தனி ரிலே வைங்க, 60 வாட்டே ஜொலிக்கும்.

இதை விட மோசம், போன ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் அட்டை ஈயத்தாளைச் சுத்திச் சொருகறது. ஃபியூஸ் தன்னைக் கொளுத்திக்கிட்டு வண்டியைக் காப்பாத்துது. ஈயத்தாள் தன்னைக் காப்பாத்திக்கிட்டு வண்டியைக் கொளுத்தும். 10 ஆம்பியர் போன இடத்துல 10 ஆம்பியர்தான். அதுவும் போச்சுன்னா எங்கேயோ ஷார்ட்னு அர்த்தம், 20 போட்டுப் பார்க்காதீங்க.

ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்கி எர்த் போல்ட்டை எல்லாம் சுத்தம் பண்ணி, இறுக்கினப்புறம் மேலே வாஸலின் தடவிடுங்க. பேட்டரியைக் கழற்றும்போது நெகடிவ் முதல்ல, மாட்டும்போது நெகடிவ் கடைசியில. மாத்திச் செஞ்சா ஸ்பேனர் பாடியில பட்டுத் தீப்பொறி பறக்கும். பேட்டரியில ஹைட்ரஜன் வரும், பக்கத்துல தம் அடிக்கிற நண்பரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க!